மூன்று எண்ணிவிட்டு ரிவர்ஸ்

பட்டறையில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது கஸ்தூரி உட்காருகிறாள். போன வாரம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "அக்கா, புதுசா வர்ற சின்னக் கார்ல கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழும்னு சொல்லித்தான் விக்கிறாங்க. ஆனாலும் வாரத்துக்கு ரெண்டு பேராவது கியர் கரகரங்குதுன்னு வந்து நிக்கிறாங்க. உங்க காலத்துல எப்படி விசாரிச்சீங்க? எழுதி அனுப்புங்க" என்று கேட்டிருந்தாள்.

'உங்க காலத்துல' என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எனக்கு வயது முப்பத்தொன்று. பன்னிரண்டு வருடம் ஆரணியில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தேன். கணவருக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது, இரண்டாவது குழந்தையும் பிறந்தது, வேலையை விட்டேன். கடைசி நாளில் எனக்கு மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மாலையும் கடிகாரமும் வாங்கிய பிறகு நானும் ஓய்வு பெற்றவள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முள்ளிப்பட்டு. வீட்டில் ஒரு தறி. அப்பா நெய்வார், அம்மா பாவு பார்ப்பாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும், உயரட்டும். ஆரணியில் கார் பட்டறை ஒன்றில் எழுத்து வேலைக்கு ஆள் தேவை என்று தெரிந்து, நானே மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அத்தை, "கார் பட்டறைக்கா? கையெல்லாம் கருப்பாப் பூடும், அப்புறம் எவன் கட்டிப்பான்?" என்று அப்பாவிடம் கேட்டாள். "சோப்பு போட்டா போவுது" என்றார் அப்பா. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

பட்டறைக்குத் தலைவர் ஏகாம்பரம் மேஸ்திரி. ஆள் குள்ளம். தினமும் வெள்ளைச் சட்டைதான் போடுவார், சாயங்காலம் வரை அதில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதை நான் கேட்டதில்லை. வண்டியின் குறையை நான் எழுதிவைக்கும் ஜாப் கார்டு பிடிக்காவிட்டால் அதை என் மேஜையில் குப்புறப் போட்டுவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான். திட்டு வாங்கியிருந்தால்கூட அத்தனை சுருக்கென்று இருந்திருக்காது.

முதல் நாள் வந்த முதல் கார்டே குப்புற விழுந்தது. நான் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: கியர் ரிப்பேர்.

"ரிப்பேரா இல்லியான்னு நான் சொல்லணும். வந்தவரு இன்னா சொன்னாரு?"

"கியர் சரியா விழலைன்னு..."

"அப்படியா சொன்னாரு? போய்க் கேட்டுகினு வா."

கார்க்காரர் எதிரே டீக்கடையில் இருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன். "ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போகசொல்ல, சைக்கிள் கல்லு மேல ஏறி எறங்கின மாதிரி இருக்குதும்மா" என்றார். அதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். மேஸ்திரி படித்துவிட்டுக் கார்டை நிமிர்த்தி வைத்தார்.

கஸ்தூரி, நீ கேட்டதற்கு முக்கால் பதில் இதிலேயே இருக்கிறது. கியரில் குறை என்று வருகிறவர்கள் இரண்டு விதமான தொல்லையோடு வருவார்கள், இரண்டையும் ஒரே பேச்சில் சொல்வார்கள். ஒன்று நறநறவென்று பல்லைக் கடிக்கும் சத்தம். மற்றது சத்தமே இல்லாமல் கியர் கம்பி முரண்டு பிடிப்பது, முட்டி நின்று பிறகு கடக்கென்று விழுவது. நாம்தான் பிரித்துக் கேட்க வேண்டும். எந்தக் கியரில்? வண்டி நிற்கும்போதா, ஓடும்போதா? காலையில் எடுத்தவுடனா, பத்து மைல் ஓடிய பிறகா? எப்போதிலிருந்து? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுகிறவர் பஸ்ஸோடு நாலடி ஓடிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். கியர் பாக்ஸுக்குள் அந்த நாலடி ஓட்டத்தை ஓடிக்கொடுப்பது சிங்க்ரோ என்கிற பித்தளை வளையம். அது தேய்ந்தால் சத்தம் வரும். மேஸ்திரி கியர் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து, வெயிலுக்கு எடுத்துப் போய், ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். மஞ்சள் மினுக்கு இருந்தால் வளையம் தேய்கிறது. கறுப்பாகக் கரகரத்தால் பல் உடைகிறது. இரண்டும் இல்லாவிட்டால் விரலைத் துணியில் துடைத்துவிட்டு, "திறக்க வேணாம்" என்பார்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. அந்தக் கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓட, கிளட்சை முழுக்க மிதித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட வேண்டும். கிளட்ச் என்ஜினை முழுசாக விட்டிருந்தால் அதற்குள் உள்ளே சுற்றும் பல்சக்கரம் நின்றுவிடும், கியர் சத்தமில்லாமல் விழும். மூன்று எண்ணியும் கரகரத்தால் குறை கிளட்ச் பக்கம். கியர் பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

தேசூரிலிருந்து ஒரு டாக்டர் கியர் விழவில்லை என்று ஃபியட் கொண்டுவருவார். ஆரணி வந்து சேரும்போது அது குழந்தை மாதிரி அடங்கியிருக்கும். அவர் கார்டில் 'காலையில் மட்டும்' என்று எழுதியிருந்தேன். அந்த இரண்டு வார்த்தைக்காக மேஸ்திரி காரை ஒரு ராத்திரி பட்டறையில் நிறுத்திவைத்து, காலையில் தானே எடுத்துப் பார்த்தார். கம்பி அசையவே மறுத்தது. ஆயிலைக் குச்சியில் எடுத்தால் தேன் மாதிரி இழுத்துக்கொண்டு தொங்கியது. எங்கேயோ யாரோ லாரிக்கு ஊற்ற வேண்டியதை இதற்கு ஊற்றியிருக்கிறார்கள். வடித்து மாற்றியதோடு சரி. டாக்டர் என்னைப் பார்த்து, "நானும் நோயாளிகிட்ட இப்படித்தாம்மா கேக்கணும்" என்றார். அன்றைக்குப் பூராவும் என் கால் தரையில் படவில்லை.

அந்த மிதப்பில்தான் மன்னார் அண்ணன் விஷயத்தில் இரண்டு முறை கோட்டை விட்டேன்.

மன்னார் அண்ணனுக்குப் பெரணமல்லூர். பட்டு வியாபாரி ஒருவர் வீட்டுக் கறுப்பு அம்பாசடரைப் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறார். நெசவாளர் வீடுகளிலிருந்து புடவை மூட்டைகளை எடுத்து வருவதும் காஞ்சிபுரம், மெட்ராஸ் கடைகளுக்குக் கொண்டு போவதும் அவர் வேலை. வியாபாரிக்கு உடம்பு முடியாமல் போன பிறகு, மெட்ராஸில் படித்துவிட்டு வந்த மகன் சேகர் பொறுப்பை எடுத்திருந்தார்.

முதல் தடவை வந்தபோது அண்ணன் சொன்னதை அப்படியே எழுதினேன்: 'ரிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது. ஒன்றாம் கியரும் அப்படியே. நிற்கும்போது. தை மாசக் கடைசியிலிருந்து.'

மேஸ்திரி ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, மூன்று எண்ணி ரிவர்ஸ் போட்டார். சத்தமே இல்லை. பத்துத் தடவை போட்டார். கிளட்ச் குழாயில் காற்று இருக்குமோ என்று அதையும் வெளியேற்றிப் பார்த்தார். ஆயிலை வெயிலில் பார்த்தார். மினுக்கு இல்லை.

"ஏம்ப்பா மன்னாரு, எங்க சத்தம்?"

"உங்களப் பார்த்தா அடங்கிப் பூடுது மேஸ்திரி. ஊட்டாண்ட வந்து கேளுங்க, தெருவே திரும்பிப் பாக்குது."

எல்லோரும் சிரித்தோம். கார் போய்விட்டது. நாலாம் நாள் திரும்பி வந்தது. இந்த முறை சேகரும் கூட வந்தார்.

"கியர் பாக்ஸத் திறந்து பாருங்க மேஸ்திரி" என்றார்.

"திறக்கற மாதிரி ஒண்ணும் இல்லிங்களே."

"பரவால்ல, திறங்க. உள்ள கோளாறு இருந்தா வண்டி மேல தப்பு. இல்லன்னா இவரு கால் மேல தப்பு. முன்னாடி லாரி ஓட்டின காலு. ஒடைக்கிற மாதிரிதான் போடும்."

மன்னார் அண்ணன் கைத்துண்டை எடுத்துக் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

திறந்தார்கள். இரண்டு நாள் வேலை. பல், வளையம், கிளட்ச் தட்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூடி மாட்டினார்கள். மூன்றாம் நாள் காலை சேகர் வந்து நின்றார். "ஒண்ணும் இல்லதானே? குறை காணப்படவில்லைன்னு கார்டுல எழுதிக் குடுங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். நாளைக்கு வேற டிரைவர் பாத்துக்கறேன். இந்தப் பேஜாரு எனக்கு வேணாம்." சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டார்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். ஆரணியில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் பட்டுக்காரர்கள், ஒருவர் கடையில் பேசியது சாயங்காலத்துக்குள் அடுத்த கடைக்குப் போய்விடும். கியரை ஒடிப்பவன் என்று பேர் விழுந்துவிட்டால் ஒருவரும் சாவி கொடுக்க மாட்டார்கள். அந்தப் பேரை எழுதப் போவது யார்? நான். இரண்டு வார்த்தையில், என் அழகான கையெழுத்தில்.

மேஸ்திரி கார்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"எழுதும்மா."

"எழுத முடியாது மேஸ்திரி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை நான் அவரிடம் முடியாது என்று சொன்னதில்லை.

"இருந்தாத்தான் இருக்குதுன்னு எழுதலாம். பொய்யா எழுதச் சொல்றே?"

"பொய் வேணாங்க. இங்க சத்தம் இல்ல, அவங்க ஊட்ல இருக்குது. அதே வண்டி, அதே ஆளு. நடுவுல என்னமோ மாறுது. அத்த நாம கேக்கவே இல்ல."

மேஸ்திரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கேள் என்று அர்த்தம்.

வெளியே காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மன்னார் அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"அண்ணா, வண்டி ஓட்டும்போது செருப்பு போட மாட்டீங்களா?"

"இன்னா தங்கச்சி, நெசவுக்காரர் ஊட்டுப் பொண்ணு நீயே கேக்கறே! உள்ள பட்டு இருக்கசொல்ல செருப்போட ஏறுவாங்களா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. தறி இருக்கும் அறைக்குள் எங்கள் வீட்டில் யாரும் செருப்போடு வரமாட்டார்கள். இரண்டு தடவையும் அவர் வெறுங்காலோடு காரிலிருந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. வேறு ஊர்க்காரி ஒருத்தி என் நாற்காலியில் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள்.

"வெறுங்கால்ல அடி சுடாதா? என்ஜின் சூடு தகரத்துல ஏறுமே."

"எதுக்குச் சுடப்போவுது? அதான் கீழ விரிப்பு இருக்குதே."

நானும் மேஸ்திரியும் ஒரே நேரத்தில் காருக்குள் பார்த்தோம். வெறும் தகரமும் ஒரு பழைய ரப்பரும்தான் இருந்தன.

"எங்கண்ணா விரிப்பு?"

"ஊட்லதான். பட்டறைக்குப் போறோம்னா மொதலாளி ஊட்டுப் பெரியம்மா உருவி வெச்சுக்குவாங்க. உங்க கிரீஸு அதுல ஒட்டி, அதுலேர்ந்து பொடவைல ஒட்டினா யாரு பதில் சொல்றது? தை மாசம் ஒரு முகூர்த்தப் பொடவைல கறை பட்டுப் போச்சு. அப்புறம்தான் பழைய போர்வையெல்லாம் மடிச்சுப் போட்டு, மெத்தை மாதிரி அவங்களே தெச்சாங்க. கதவுலேர்ந்து கதவு வரைக்கும்."

"எப்போலேர்ந்து?" என்றார் மேஸ்திரி.

"தை மாசக் கடைசி."

மேஸ்திரி ஸ்டூலிலிருந்து எழுந்தார். "ஏறு வண்டில. நீயும் வாம்மா. கார்ட எடுத்துக்கோ."

பட்டுக்காரர் வீட்டுத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி இருக்கும். சேகர் வெளியே வந்தார். "எதுக்கு இங்க கொண்டாந்தீங்க? நான்தான் வர்றேன்னு சொன்னேனே."

"அஞ்சு நிமிஷம் தம்பி. அம்மாகிட்டச் சொல்லி விரிப்ப எடுத்தாரச் சொல்லுங்க."

பெரியம்மா என்று எல்லோரும் கூப்பிடும் சேகரின் அம்மாவே அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல வேலைப்பாடு, அதைச் சொல்லத்தான் வேண்டும். நாலு மடிப்புப் போர்வை, மேலே கெட்டித் துணி, சுற்றிலும் நெருக்கமான தையல். அவரே குனிந்து காருக்குள் விரித்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தார். மிதிகளுக்கு அடியிலும் அது ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது.

"மன்னாரு, ஏறு. கிளட்ச முழுக்க மிதி. அடி தட்டுதா?"

"தட்டுது மேஸ்திரி."

"மூணு எண்ணு. ரிவர்ஸ் போடு."

ஒன்று, இரண்டு, மூன்று. கரகரவென்று ஒரு சத்தம். எதிர்வீட்டுத் தறி நின்றது. ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

"காலு எடுக்காத, அப்படியே இரு." மேஸ்திரி குனிந்து, மிதிக்குக் கீழே விரிப்பை அழுத்திப் பார்த்தார். "இங்க பாருங்க தம்பி. இவரு காலுக்குத் தரை தட்டின மாதிரிதான் தெரியும். ஆனா தரைக்கு இன்னும் ரெண்டு வெரக்கடை இருக்குது. கிளட்சு முக்கால்தான் விடுது." விரிப்பை உருவி வெளியே எடுத்தார். "இப்ப போடு."

சத்தமில்லாமல் விழுந்தது. திரும்பவும் விரித்துப் போடச் சொன்னார், கரகரத்தது. எடுத்தார், விழுந்தது. மூன்றாவது தடவை சேகர் தானே ஏறி உட்கார்ந்து, விரிப்போடு மிதித்துப் போட்டுப் பார்த்தார். அவர் காலுக்கும் அதே சத்தம்தான் வந்தது. லாரி ஓட்டாத கால்.

"அப்ப நான் தெச்சதாலயா இத்தனையும்?" என்றார் பெரியம்மா.

"தையல்ல ஒரு குறையும் இல்லிங்கம்மா" என்றார் மேஸ்திரி. "மிதிக்குக் கீழ மட்டும் ஒரு முழம் வெட்டிட்டாப் போதும்."

அவர் கத்தரியைக் கேட்டதும் பெரியம்மா மறுத்துவிட்டார். பட்டறைக் கை அதில் படக்கூடாதாம். தானே உள்ளே போய்க் கத்தரியும் ஊசிநூலும் எடுத்துவந்து, கார்க் கதவருகே தரையில் உட்கார்ந்து அளந்து வெட்டி, ஓரம் மடித்துத் தைக்க ஆரம்பித்தார். "ஏண்டா சேகரு, பதினெட்டு வருஷமா ஓட்டறவர லாரிக் காலுன்னியாமே, என்னை ஒரு வார்த்த கேட்டியா நீ?" என்று தையலைப் பார்த்தபடியே கேட்டார். சேகர், "நீங்க சும்மா இருங்கம்மா" என்றார். குரலில் முன்னைய அதிகாரம் இல்லை.

நான் காரின் என்ஜின் மூடி மேல் கார்டை வைத்து எழுதினேன். 'கிளட்ச் மிதிக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு விரிப்பு இருந்தது. கிளட்ச் முழுசாக விடவில்லை. விரிப்பு அந்த இடத்தில் வெட்டப்பட்டது. கியர் பாக்ஸில் குறை இல்லை.' கொஞ்சம் யோசித்து, இன்னொரு வரி சேர்த்தேன். 'டிரைவர் ஓட்டுவதில் குறை இல்லை.'

மேஸ்திரி வாங்கிப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது வண்டியப் பத்தினது இல்லியே."

"வண்டியோட வந்த குறைங்க இது. இவரு கால் மேல தப்புன்னும் சொன்னாங்களே."

கார்டு குப்புற விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டு, சேகரிடம் நீட்டினார். எங்கள் பட்டறை வழக்கப்படி, வேலை முடிந்த கார்டில் வண்டிக்காரரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சேகர் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். மன்னார் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணா" என்றார். "நாளைக்கு ஆறு மணிக்குக் காஞ்சிபுரம் போவணும்."

அண்ணன் தலையை ஆட்டினார். அப்புறம் என்னிடம் வந்து, கார்டைக் காட்டி, "அதுல இன்னா எழுதிருக்கே தங்கச்சி? எனக்குப் படிக்க வராது" என்றார்.

படித்தேன். கடைசி வரி வரைக்கும், நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எதிர்வீட்டு ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"மெதுவாப் படிச்சுட்டே" என்றார். "அந்த ஊட்டுக்குக் கேட்டிருக்காது."

நான் கார்டை நிமிர்த்திப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில், முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன்.